சட்டை வாங்காத மாலுமி

சட்டை எங்கே வாங்கினார். இவ்வளவுதான் கேள்வி. அறுபது பக்க அத்தியாயத்தைப் படிச்சு முடிச்சுட்டு தாட்சாயணி மேடம் அறிக்கையில ஒரே ஒரு வரி எழுதியிருக்காங்க: "நான்காம் அத்தியாயம்: இவர் சட்டை எங்கே வாங்கினார்?" மத்த அத்தியாயத்துக்கெல்லாம் பாராட்டு, எழுத்துப்பிழை, மேற்கோள் முறை சரியில்லை, வழக்கமா புறத்தேர்வாளர் எழுதுற சமாச்சாரம். இதுக்கு மட்டும் சட்டை. போன மாசம் படிச்சப்போ சிரிச்சேன். மேடம் தமாஷா கேட்டிருக்காங்க சார்னு என் நெறியாளர் தாமோதரன் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவரும் சிரிச்சார், அவர் அந்த அத்தியாயத்தைப் படிச்சாரோ இல்லையோ, சிரிச்சார். இப்போ கருத்தரங்கக் கூடத்துக்கு வெளியே, ஒரு கால் ஆடுற பிளாஸ்டிக் நாற்காலியில, பட்டுப்புடவையில வெந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மேடம் துறைத்தலைவர் ரூம்ல காபி குடிக்கிறாங்க. காபி முடிஞ்சதும் வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிடுவாங்க. இப்போ சிரிப்பு வரலை. சட்டை எங்கே வாங்கினார்னா என்ன அர்த்தம்? கடையிலதான் வாங்கியிருப்பார். கடல்ல ஏது கடை. சார் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: எதைக் கேட்டாலும் "நல்ல யோசனைங்க மேடம், சேர்த்துக்கிறேன்" னு சொல்லிடு, எதிர்த்துப் பேசாதே, முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ, பொன்னாடை போர்த்து, கையெழுத்து வாங்கு. சார் இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுறார். இன்னிக்கு முடியலைன்னா வேற நெறியாளர், வேற விண்ணப்பம், முதல்லேருந்து காவடி. பட்டம் இல்லாம கௌரவ விரிவுரையாளராவே என் தலை நரைச்சாச்சு, அதுல கௌரவம் எங்கேயிருக்குன்னுதான் தனியா ஒரு ஆய்வு பண்ணணும். இன்னிக்கு முடிஞ்சே ஆகணும். சட்டை எங்கே வாங்கினார்னு கேட்டா, நல்ல யோசனைங்க மேடம், சேர்த்துக்கிறேன். எதைச் சேர்ப்பேன்? பட்டனையா?

மிக்கேலை நான் கண்டுபிடிச்ச கதையைக் கேக்காத ஆள் இந்தக் காலேஜ்ல வாட்ச்மேன் மட்டும்தான், அவரும் பாதி கேட்டிருக்கார். ஆயிரத்து எழுநூத்து எண்பதுகள்ல மெட்ராஸ் கரைக்கு வந்து நின்ன இங்கிலீஷ் கடற்படைக் கப்பல்கள்ல நம்ம ஆளுங்க யாரெல்லாம் வேலை பார்த்தாங்கன்னு தேடுறதுதான் என் ஆய்வு. கேக்க நல்லாயிருக்கும். தேடினாத்தான் தெரியும் கொடுமை. கப்பல்ல ஏறுறப்போ கணக்கன் பேரு கேப்பான், இவன் சொல்லுவான், அவன் வாய்க்கு வந்த சின்னப் பேரு ஒண்ணை எழுதிட்டு, அப்பா பேரெல்லாம் எவன் எழுதுறதுன்னு ஏறின ஊரைப் பின்னால ஒட்டிடுவான். ஜான் பம்பாய். டாம் கல்கத்தா. ஒரே ஆள்கணக்குப் புத்தகத்துல நாலு டாம் கல்கத்தா வருவான், ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போவான், ஒருத்தன் ஓடிப்போவான், ஒருத்தன் செத்துப்போவான், அடுத்த மாசம் பார்த்தா செத்தவன் புகையிலை வாங்கியிருப்பான். மண்டை காய்ஞ்சுபோய் இந்த ஆய்வே வேணாம், பேசாம சங்க இலக்கியத்துல பூக்களை எண்ணியிருக்கலாம்னு நான் உக்காந்திருந்த ஒரு மத்தியானம் வந்து நின்னான் மிக்கேல் மெட்ராஸ். என்ன ஆளு! ஆறு வருஷம், மூணு கப்பல், ஒரு நாள் விடுப்பு கிடையாது. காய்ச்சல் கிடையாது, கசையடி கிடையாது, குடி கிடையாது, ஓட்டம் கிடையாது. மத்தவன் சம்பளத்துல எல்லாம் சட்டைக்குப் பிடித்தம், புகையிலைக்குப் பிடித்தம், ஏன்னா கப்பல்ல எது வேணும்னாலும் கணக்கன்கிட்டத்தான் வாங்கியாகணும். மிக்கேல் கட்டத்துல ஒண்ணுமே இல்லை, சுத்தம். சம்பளம் அப்படியே முழுசா கரையில கத்தரீனாள்ங்கிற பொம்பளைக்குப் போகுது. பொண்டாட்டி! வேற யாரு? இந்த மாதிரி ஒரு புருஷன் உலகத்துல இருந்திருக்கானேன்னு எனக்கு உக்கார முடியலை. அப்பவே எழுந்துபோய் ஒரு டீ குடிச்சேன்.

சட்டைப் பிடித்தம் இல்லைங்கிறது எனக்கும் தெரியாம இல்லை, மேடம் மட்டும்தான் அறிவாளின்னு நினைச்சுக்க வேணாம். அதுக்குத் தனியா ஒரு பகுதியே எழுதியிருக்கேன். சோழமண்டலக் கரை நெசவு, சாயம், துணிவகை, எல்லாம் விளக்கி, மிக்கேல் வீட்டுத் துணியைத்தான் கட்டினான், கப்பல் சட்டையைத் தொடலை, அவன் அந்நியச் சந்தையை மறுத்த முதல் தமிழ் மாலுமின்னு உள்தலைப்பு குடுத்திருக்கேன். எழுதுறப்போ எனக்கே புல்லரிச்சது. இப்போ நினைச்சா வேற என்னமோ அரிக்குது, பட்டுப்புடவைதான் போல. ஆறு வருஷம் பாய்மரம் ஏறி இறங்கறவன். உப்புக்காத்து, தார், கயிறு. அரையில கட்டின வேட்டி என்னத்துக்கு ஆகும்? சரி, மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிருப்பான். எவ்வளவு பெரிய மூட்டை? என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் திருச்சிக்குப் போறதுக்கே அஞ்சு சட்டை எடுத்து வைக்கிற மனுஷன். இன்னிக்கு என் தேர்வுக்குன்னு புதுச்சட்டை ஒண்ணு, அது நீலமா பச்சையான்னு அவருக்கே சந்தேகம், போட்டுக்கிட்டு அங்கே போண்டா அடுக்கிட்டிருக்கார். ஆடித் தள்ளுபடின்னா ஆள் வீட்டுல தங்க மாட்டார். எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கேன்: ஆறு வருஷத்துல ஒரு சட்டை வாங்காத மனுஷன் இருந்திருக்கான், சம்பளத்தை அப்படியே பொண்டாட்டி கையில குடுத்திருக்கான். அவர் இஸ்திரி போட்டுக்கிட்டே இருப்பார். ஒரு தடவை மட்டும் கேட்டார், "அவன் என்ன, மனுஷனா?" னு. கேட்டார் இல்லை? மனுஷனான்னுதான் கேட்டார். ஐயோ.

இந்த ஐயோ எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியலை, ஆனா வந்துடுச்சு, வந்தது போக மாட்டேங்குது. வேற எதையாவது நினைக்கலாம். போண்டாவுக்குச் சட்னி போதுமா. மைக் வேலை செய்யுதா. மைக்குக்கு என்ன, இன்னாசி ஐயா பார்த்துக்குவார். இன்னாசி ஐயா ராயபுரத்துல ஒலி ஒளி கடை வெச்சிருக்கிறவர், கத்தரீனாள் வழிவந்தவர். கோயில் ஞானஸ்நானப் பதிவுகள்ல, அப்பா பேரைப் பூச்சி அரிச்சிருந்தாலும், கத்தரீனாள் பேரைப் பிடிச்சுக்கிட்டே வந்து அவர் கடை வாசல்ல நான் போய் நின்னு, ஐயா உங்க பாட்டன் பேரு மிக்கேல் மெட்ராஸ், உத்தமரு, நல்லவருன்னு சொன்னேன். அந்த மனுஷன் ரெண்டு கையாலும் தலையைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னா மேடம் சொல்ற, எங்க வம்சத்துலயா?" னு கேட்டார். மறுவாரமே கடைப்பேரை மாத்திட்டார். மிக்கேல் மெட்ராஸ் சவுண்ட் சர்வீஸ். போன வருஷம் பிறந்த பேரனுக்கும் மிக்கேல். இன்னிக்கு வேன் எடுத்துக்கிட்டுக் குடும்பத்தோட வந்து, காசு வாங்காம மைக் செட்டு போட்டிருக்கார். ஐயோ. மறுபடியும் ஐயோ. மிக்கேல் மனுஷனான்னா கேட்டார்? காய்ச்சல் வராது, பசி தெரியாது, துணி வேணாம். கப்பல் பட்டியல்ல அவன் எப்பவும் கடைசி ஆள், மூணு கப்பல்லயும் கடைசி. கணக்கன் கப்பல் மாறினா இவனும் மாறுவான், அதே கணக்கன், அதே தேதி, அதுக்கும் நான் ஒரு பகுதி எழுதியிருக்கேன், இனம் கடந்த நட்புன்னு. ரெண்டாம் அத்தியாயம். ரெண்டாம் அத்தியாயத்துல ஒரு அடிக்குறிப்பு. நான் எழுதினது, என் கையால தட்டச்சு பண்ணினது: அக்காலக் கடற்படைக் கப்பல்களில் இல்லாத மாலுமிகளின் பெயரைக் கணக்கில் சேர்த்து, அவர்களுக்குரிய சம்பளத்தை, பணியில் இறந்த கப்பல் உத்தியோகஸ்தர்களின் மனைவியருக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. மத்த கப்பல்ல பேரு கூடப் போடாம விதவைகள் ஆள்னு வெறுமனே எழுதிடுவாங்க. இந்தப் பாவி கணக்கன் ரசனைக்காரன், பேரு வெச்சுட்டான். நாற்காலி ஆடுதா நான் ஆடுறேனான்னு தெரியலை. ஆளே இல்லை. ஏழு வருஷமா நான் தேடிக் கண்டுபிடிச்ச ஒரே ஆள், ஆளே இல்லை.

ஓடிடலாமா? கழிப்பறைக்குப் போற மாதிரி எழுந்து, பின்பக்கப் படி வழியா இறங்கி, ஆட்டோ பிடிச்சு. பட்டுப்புடவையில ஓடினா ஊரே பார்க்கும். மயக்கம் போட்டு விழலாம், ஆனா சார் தண்ணி தெளிச்சு எழுப்பிக் கையெழுத்து வாங்கிடுவார். பேசாமயே இருந்துட்டா? நல்ல யோசனைங்க மேடம், சேர்த்துக்கிறேன். யாருக்குத் தெரியும்? மேடத்துக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் அந்த ஒரு வரியா? நேரா இவன் இல்லவே இல்லைன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே, சட்டையைக் கேக்குறாங்களே! "பிரபா, போண்டா எண்ணிக்கை இடிக்குது, ராயபுரம் ஆளுங்க வேன்ல எதிர்பார்த்ததுக்கு மேல வந்திருக்காங்க," னு என் வீட்டுக்காரர் குமரவேல் வந்து நிக்கிறார், சட்டைக் காலர்ல விலைச்சீட்டு தொங்குது. நான் அவர் கையைப் பிடிச்சேன். "என்னங்க, அவன் இல்லைங்க." "யாரு?" "மிக்கேல்." "செத்துட்டானா?" "இல்லைங்க, செத்தாலும் பரவாயில்லையே. இல்லவே இல்லை. பொறக்கவே இல்லை. கணக்குக்காக எழுதின பேரு." அவர் என்னையே பார்த்தார். போண்டாத் தட்டைப் பக்கத்து நாற்காலியில வெச்சார். கோபப்படுவார், இல்லைன்னா பயப்படுவார்னு நினைச்சேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமா, விளக்கு வெச்ச மாதிரி, பிரகாசமாச்சு. "அப்போ ஏழு வருஷமா," னு நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "இல்லாத ஒருத்தனோட ஒப்பிட்டா என்னைத் திட்டிட்டிருந்த?" எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் கண்ணுல தண்ணி. "சிரிக்காதீங்க, பட்டம் போச்சு. சொன்னா பட்டம் போச்சு, சொல்லலைன்னா அந்த ராயபுரத்து மனுஷனைக் காலம் பூரா ஏமாத்தினவ ஆயிடுவேன்." அவர் யோசிச்சார். "அவர் பேரனுக்கு வேற அந்தப் பேரு," ன்னார். ஆமா, பேரனுக்கு வேற அந்தப் பேரு. அந்த ஆறுதலைச் சொல்லிட்டு மனுஷன் தட்டை எடுத்துட்டுப் போயிட்டார்.

தாமோதரன் சார் கதவைத் திறந்து, "வாம்மா பிரபாவதி, மேடத்துக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு, சுருக்கமா முடிச்சுடலாம்," னு கூப்பிட்டார். எழுந்தேன். கால் நடக்குது, நான் நடக்கலை. கூடத்துல நிறைய முகம். முன்வரிசையில இன்னாசி ஐயா, வெள்ளை வேட்டி, மடியில சின்ன மிக்கேல், இவனாவது நிஜமா இருக்கான், விரலைச் சப்பிட்டிருக்கான். மூணு அத்தியாயம் கடகடன்னு சொல்லிட்டேன், வாய் தானாப் பேசுது, உள்ளே வேற ஒரு வாய் சொல்லாதே சொல்லாதேங்குது, இன்னொண்ணு சொல்லித் தொலைங்குது. தாட்சாயணி மேடம் கன்னத்துல கைவெச்சுக் கேட்டுட்டிருந்தாங்க. சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. "நாலாவது அத்தியாயம்," ன்னாங்க. "சட்டை எங்கே வாங்கினாரும்மா?" சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுறார், சொல்லு, நல்ல யோசனைன்னு சொல்லு. நல்ல, ன்னேன். நல்ல வரைக்கும் வந்துடுச்சு. அதுக்கு மேல வரலை. "வாங்கலை மேடம். அவருக்கு உடம்பே கிடையாது. அப்படி ஒரு ஆள் இல்லை." இன்னாசி ஐயாவோட மைக் நல்ல மைக், கூடம் பூரா மூலை முடுக்கெல்லாம் போய் இல்லை இல்லைன்னு எதிரொலிச்சது. சார் கண்ணை மூடிக்கிட்டார். நான் அடிக்குறிப்பைச் சொன்னேன், கணக்கனைச் சொன்னேன், நெசவு, சாயம், நட்பு எல்லாம் என் கற்பனைன்னு சொன்னேன். "எப்போ தெரிஞ்சது?" "இப்போ வெளியே உக்காந்திருந்தப்போ." மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "நீங்க சொல்லியிருக்கலைன்னா நான் கையெழுத்து போட்டுட்டுத்தான் போயிருப்பேன். எனக்கும் சந்தேகம்தான், நிச்சயமாத் தெரியாது. இப்போ போட முடியாதும்மா. அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக் குடுங்க, அப்புறம் பார்க்கலாம்." அடிப்பாவி, கையெழுத்து போட்டிருப்பாங்களாம்! வாயைத் திறந்து நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். சார் மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "முப்பத்தொண்ணாம் தேதி," ன்னார், அதுவும் மைக்ல கேட்டுடுச்சு.

அப்போ இன்னாசி ஐயா எழுந்தார். பேரனைப் பக்கத்துல குடுத்துட்டு எழுந்தார். அவரைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, நான் மேசைவிரிப்புல இருந்த கறையைப் பார்த்தேன். "அப்போ எங்க பாட்டி கத்தரீனாவும் கெடையாதா மேடம்?" "இல்லைங்க ஐயா, அவங்க நிஜம். ஒவ்வொரு தடவையும் கைநாட்டு வெச்சுப் பணம் வாங்கியிருக்காங்க. மிக்கேல்தான் பொய்." "பொய்யான ஆளு எப்படித் துட்டு அனுப்புவான்?" "அவங்க நிஜமான புருஷன் கப்பல்ல செத்திருப்பார். அவருக்காகத்தான் அந்தப் பொய்." அவர் ஒரு அடி முன்னால வந்தார். "அந்த நெஜமான ஆளு யாரு?" யாரு? நான் கேட்டுக்கவே இல்லையே. உத்தமன் கிடைச்ச சந்தோஷத்துல மத்தவங்களை எல்லாம் பின்னிணைப்புல ஆள்கணக்குப் பிரதி, இறந்தோர் பட்டியல்னு போட்டுத் தள்ளிட்டேன். ஆய்வேட்டைப் புரட்டுறேன், விரல் வழுக்குது, கத்தரீனாளுக்குப் பணம் வர ஆரம்பிச்சது ஒரு மே மாசம், அதுக்கு முந்தின மாசம் மிக்கேலோட முதல் கப்பல்ல செத்த உத்தியோகஸ்தன் யாரு, பீரங்கிக்காரன் உயிரோட இருக்கான், பாய்மர மேஸ்திரி உயிரோட இருக்கான், இதோ, தச்சர். ஒருத்தர்தான். "பீட்டர்," னு படிச்சேன். "பீட்டர் மயிலாப்பூர். கப்பல் தச்சர். ரெண்டு வருஷத்துல நிறையச் சட்டை வாங்கியிருக்கார். புகையிலை அதைவிட. குடிச்சுட்டு மேலதிகாரியைத் திட்டினதுக்கு ஒரு தடவை கசையடி." நிறுத்திட்டேன். உத்தமரை எடுத்துக்கிட்டு இதைக் குடுக்கிறோமேன்னு நாக்கு கூசுச்சு. இன்னாசி ஐயா தன் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்னால ஒரு அம்மா வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குது. ஒரு பையன், "நைனா, உன்னியே மாரி," ன்னான். "ஆங், இது எங்க ஆளு!" ன்னார் அவர், அவ்வளவு சந்தோஷத்தோட, மைக் இல்லாமலே கூடம் அதிர்ந்தது. "மேடம், அந்த இன்னொருத்தன் நல்லவன்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா வூட்ல ஒருத்தனுக்கும் அவனோட ஒத்துப்போகலை. இவன் எங்க ஆளு." எல்லாரும் சிரிச்சாங்க, மேடம் கூட. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது, பட்டம் வரலை, ஆனா உயிர் வந்துடுச்சு.

சிரிப்பு அடங்கினப்புறமும் இன்னாசி ஐயா உக்காரலை. சட்டைப்பையில தடவினார், பேனா எடுத்தார், காகிதம் இல்லை. "எந்தத் தேதியில செத்தாரு மேடம்?" எதுக்குக் கேக்குறார்னு எனக்குப் புரியலை. "கோயில்ல அவர் பேர்ல பூசைக்குக் குடுக்கணும். இத்தினி வருஷமா ஒருத்தரும் குடுத்திருக்க மாட்டாங்க. கடல்ல போனவருக்குக் குழி கூட இருக்காது." சார் நிமிர்ந்து பார்த்தார். நான் அந்த வரியைத் தேடினேன், எழுத்து எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்குது, புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுட்டுத் திரும்பத் தேடினேன். இருந்தது. "ஏப்ரல் பத்தொன்பது," ன்னேன். "வயித்துக்கடுப்பு." அவர் உள்ளங்கையில எழுதிக்கிட்டார். எழுதி முடிச்சுட்டு, அவர் ஒண்ணும் சொல்லாமலே, அந்தக் குடும்பம் பூரா, பின்னால சிரிச்சுட்டிருந்த அம்மா, அந்தப் பையன், எல்லாரும் எழுந்து நின்னாங்க, ஒரு சாவு வீட்டுல நிக்கிற மாதிரி. நானும் அப்பத்தான் அழுதேன், நேத்து செத்தவருக்கு அழுற மாதிரி, வாய்விட்டு.